சுகாதார அறிக்கையில் ஒரு பிணம்

அரசாங்கம் என்றாவது ஒரு நாள் கணவன்மார் பக்கம் பேசித்தான் ஆகவேண்டும் என்று கென்சாக்கு முடிவு செய்தார். அது தானாகப் பேசாவிட்டால் அதற்காகத் தாமே பேசிவிடுவது என்றும் முடிவு செய்தார்.

பெரிய முடிவுதான். அறுபத்து நான்கு வயதில் அவர் எடுத்த முதல் முடிவு. அதுவரைக்கும் அந்த வீட்டில் முடிவெடுப்பது மனைவி தொமியேயின் வேலை. சாக்குச் சொல்வது கென்சாக்குவின் வேலை. பெயரிலேயே சாக்கை வைத்துக்கொண்டு பிறந்த மனிதர், பாவம், வேறென்ன செய்வார்?

நடந்தது இதுதான். தொமியேவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. குளிர் தொடங்கும் முன்னால் வட ஜப்பானின் அகித்தா நகரத்து ஆஸ்பத்திரியில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் கண் ஆறி, அளவு பார்த்து, கண்ணாடி செய்து வரும்வரை சின்ன எழுத்தைப் படித்துக் கண்ணை வருத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தொமியேவுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. எதிர் மலையில் பனி தாங்காமல் எந்தக் கிளை ஒடியப் போகிறது என்றுகூடச் சொன்னாள். கையில் இருப்பதுதான் மங்கல். கணவனைப் போலப் பக்கத்திலேயே கிடக்கும் பொருள்கள் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துத் தெருச் சங்கத்தின் சுகாதாரத் தொண்டர் முறை அவர்கள் வீட்டுக்கு வந்தது. அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. குப்பை போடும் இடத்தைக் கூட்ட முறை, கோயில் படியில் பனி தள்ள முறை, சுற்றறிக்கைப் பலகையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முறை. சம்பளம் கிடையாது. மாட்டேன் என்று சொல்லும் வழக்கமும் கிடையாது. சுகாதாரத் தொண்டராக வந்தவர் மாவட்டத்துச் சுகாதார அறிக்கையைப் படித்து, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரு மண்டபத்தில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"ஏங்க, தினம் சாயங்காலம் நாலு பக்கம் படிச்சுச் சொல்லுங்க. கேட்டு மனசுல வச்சுக்கறேன்" என்றாள் தொமியே.

"நானா?"

"வேற யாரு? பூனையா படிக்கும்?"

"நான் படிக்கற புத்தகமே வேற மாதிரி."

"தெரியுமே. முதல் பக்கத்துல ஒருத்தன் செத்துக் கிடப்பான். அவனைக் கொன்னவன் கிடைக்கற வரைக்கும் நீங்க எந்திரிக்க மாட்டீங்க. அடுப்புல பால் பொங்கினாலும் சரி, கூரையில பனி சரிஞ்சாலும் சரி."

உண்மைதான். கென்சாக்கு துப்பறியும் நாவல் பைத்தியம். விவசாயச் சங்கத்தில் நெல் எடை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வாரத்துக்கு மூன்று கொலையாவது பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஸ்டேஷன் எதிரில் இருக்கிற கடையில்தான் வாங்குவார். அங்கே எந்தப் புத்தகம் வாங்கினாலும் பழுப்புத் தாளில் ஒரு மேலட்டை மடித்துப் போட்டுத் தருவார்கள். ரயிலில் நாம் படிப்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டாமே என்கிற மரியாதை. கென்சாக்கு அறிக்கைக்கும் அப்படி ஒரு பழுப்பு அட்டை போட்டார். ஏனென்றால் அதன் முகப்பில் உப்புப் புட்டியின் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

ரத்தக் கொதிப்பு அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அது வேறு கதை. இல்லை, இதே கதைதான்.

முதல் நாள் சாயங்காலம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கென்சாக்கு அடியில் கணப்பு பொருத்திய மேசையின் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு அறிக்கையைத் திறந்தார். அடுக்களையில் தொமியே முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"'நம் மாவட்டத்தில் மூளை ரத்தக்குழாய் வெடித்து இறப்போர்'..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். இருமினார். அடுத்த பத்திக்குத் தாவினார். 'மீசோ சூப் நாளுக்கு ஒரு கிண்ணம் போதும்' என்று இருந்தது.

அடுக்களையிலிருந்து மீசோ வாசனை, உப்புப் போட்டுப் புளிக்க வைத்த சோயா விழுதின் வாசனை, வந்தது. முள்ளங்கி, வறுத்த சோயாக்கட்டி, வெங்காயத் தாள் எல்லாம் போட்ட சூப். ஒரு கிண்ணமாம். கையெழுத்துப் போட்ட அதிகாரி அகித்தாவில் ஒரு குளிர்காலமாவது இருந்திருப்பானா?

"'மீசோ சூப் நாளுக்கு ஒரு கிண்ணம்'" என்று படித்தார் கென்சாக்கு, "'போதாது.'"

கத்திச் சத்தம் நின்றது.

"போதாதா?"

"போதாதாம். குளிர்ப் பிரதேசமில்ல? மூணு கிண்ணமாவது வேணுமாம்."

"மூணு" என்றாள் தொமியே. கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது. "அரசாங்கம் இவ்வளவு தாராளமா இருந்து நான் பாத்ததே இல்ல."

அன்றைக்கு அவருக்கு மூன்று கிண்ணம் சூப் கிடைத்தது. கொஞ்சம் சப்பென்று இருந்த மாதிரித் தோன்றியது. ஆனால் மூன்று கிண்ணம் என்கிற பெருமையே உப்பாக இருந்தது. குடித்துவிட்டார்.

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மறுநாள் அரசாங்கம் உப்பு போட்ட சால்மன் மீனைத் தோலோடு சாப்பிடச் சொன்னது. அதற்கு மறுநாள் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாயைச் சோற்றுக்கு முன்னால் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, முடிவில் ஒரு துண்டு என்று முறை வைத்துச் சாப்பிடச் சொன்னது.

"போன வருஷம் நர்சம்மா வேற மாதிரி சொன்னாங்களே" என்றாள் தொமியே.

"அது போன வருஷம்."

"ஒரு வருஷத்துல உப்பு நல்லதாயிடுச்சா?"

"ஆராய்ச்சி பண்ணிருப்பாங்க."

"இந்த அறிக்கையை எழுதினது யாருங்க?"

"அரசாங்கம்."

"ஆம்பிளை அரசாங்கமா, பொம்பிளை அரசாங்கமா?"

"அரசாங்கத்துல அதெல்லாம் ஏது?"

"இல்ல, சமையல் பண்ணாத ஆள் மாதிரி இருக்கேன்னு கேட்டேன்."

அதற்கும் மறுநாள் அரசாங்கம் சாக்கேயை, அதாவது அரிசி மதுவைத் தொட்டது. சாக்கே இல்லாமல் கென்சாக்கு ஏது? டாக்டர் சின்னக் குடுவை ஒன்றோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். அரசாங்கம் டாக்டரைவிடப் பெரிது. 'பனிக்காலத்தில் நெஞ்சு நரம்பு சுருங்காமல் இருக்க, சூடு பண்ணிய சாக்கே இரண்டு குடுவை' என்று கென்சாக்கு கம்பீரமாகப் படித்தார். குரலைக் கொஞ்சம் தடிக்க வைத்துப் படித்ததால் அதில் ஒரு அமைச்சரின் தொனி வந்துவிட்டது. அவருக்கே எழுந்து நின்று கேட்க வேண்டும் போலிருந்தது.

"'மேலும், ஆண்கள் குளிர்காலத்தில் அதிகம் அசையாமல் இருத்தல் நலம். கரடியைக் காண்க.'"

"கரடின்னு போட்டிருக்கா?"

"அடிக்குறிப்புல இருக்கு."

"அப்போ கரடியம்மா என்ன பண்ணணுமாம்?"

கென்சாக்கு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"இருக்காது" என்றாள் தொமியே. சாக்கேயைச் சூடு பண்ண எழுந்து போனாள்.

இப்படியே போயிருந்தால் கென்சாக்கு அந்தக் குளிர்காலத்தை ராஜா மாதிரிக் கழித்திருப்பார். ஒரு நாள் சாயங்காலம் மேசைமேல் இரண்டு பழுப்பு அட்டைப் புத்தகங்கள் கிடந்தன. ஒன்று அறிக்கை. இன்னொன்று அன்றைக்கு வாங்கிய நாவல். இரண்டும் ஒரே உயரம், ஒரே தடிமன். சாக்கேயின் முதல் குடுவை உள்ளே போயிருந்த நேரம். கை எதை எடுத்ததோ அதைப் படித்தார்.

"'குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. துணி மாற்றும் இடத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் குப்புற விழுந்து கிடந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. டோக்கியோவிலிருந்து வந்த துப்பறிவாளர் குனிந்து...'"

வாய் நின்றது. கையில் இருந்தது நாவல்.

"ஐயோ பாவம், யாரு அவரு?" என்றாள் தொமியே. கையில் கரண்டியோடு அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அது... ஒரு உதாரணம். மாதிரிக்கு ஒரு சம்பவம் கொடுத்திருக்காங்க."

"அதுக்குத் துப்பறிவாளரையா அனுப்பறாங்க சுகாதாரத் துறையில?"

"ஆள் பத்தலையாம்."

"சரி, மேல படிங்க. யார் கொன்னது?"

"கொலைன்னு யார் சொன்னா?"

"தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கு, கீறல் இல்ல, டோக்கியோவிலேருந்து ஆள் வந்திருக்கு. சளி பிடிச்சதுக்கா வருவாங்க?"

அன்றிலிருந்து தொமியேவுக்குப் பிணம் வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் ஆனதும் கணப்பு மேசைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "முதல்ல அந்த உதாரணம், அப்புறம் உப்பு" என்பாள். கென்சாக்கு மடியில் இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தார். இறந்தவரின் மருமகன் பொய் சொன்னான். எனவே ஊறுகாய் சாப்பிடுங்கள். தோட்டக்காரன் காணாமல் போனான்; எனவே மதியம் ஒரு தூக்கம் போடுங்கள். பாதி கொலை, பாதி அரசாங்கம். எது நாவல், எது அறிக்கை, எது தம் சொந்தச் சரக்கு என்று அவருக்கே கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பத் தொடங்கியது.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை. வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார் கென்சாக்கு. கரடி பனி தள்ளுமா என்று தொமியே கேட்கவில்லை; மண்வெட்டியை மட்டும் கையில் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சுகவாரா வேலியோரம் வந்து நின்றார். ஓய்வு பெற்ற தச்சர், எல்லோரையும் மரியாதைக்கு 'சான்' போட்டு அழைப்பவர். சாக்கேயும் அவரும் உடன்பிறப்பு மாதிரி.

"கென்சாக்கு சான், இந்தத் தடவை சுகாதாரக் கூட்டத்துக்கு நாங்க ஆம்பிளைங்க அத்தனை பேரும் வர்றோம்."

"நீங்களா? எதுக்கு?"

"என்ன தெரியாத மாதிரிக் கேக்கறீங்க? உங்க வீட்டம்மா பொதுக் குளியல் கூடத்துல என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னாங்களாம். சாயங்காலம் ரெண்டு குடுவைன்னு அரசாங்கமே எழுதிருக்காமே."

மண்வெட்டி கென்சாக்குவின் கையிலிருந்து நழுவியது.

"என் வீட்டுக்காரி நம்ப மாட்டேங்கறா" என்றார் சுகவாரா. "'அந்த ஆள் படிச்சுச் சொன்னதை நம்பறதுக்கு நான் என்ன தொமியேவா'ன்னு கேக்கறா. அதான், சபையில, நர்சம்மாவை வச்சுக்கிட்டு, தொமியே சான் வாயாலேயே வரட்டும்னு இருக்கேன். தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கரடி விஷயத்தையும்."

"கரடியுமா?"

"அதுதான் எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிச்சுது."

கென்சாக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். ஈரக் காலுறையைக்கூடக் கழற்றவில்லை. தெரு மண்டபம் கண்முன் வந்தது. முன்வரிசையில் நகராட்சி நர்ஸ் நாருமி. குறிப்பு எழுத ஒரு பேனா. மேடையில் தொமியே, கறுப்புக் கண்ணாடியோடு, கையைக் கட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக, கணவன் படித்துச் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பிக்கிறாள். கரடியைக் காண்க. நர்சின் பேனா நிற்கிறது. யாரோ சிரிக்கிறார்கள். அப்புறம் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது மழை வெயில் மாதிரி, வந்து போகும். தொமியேவைப் பார்த்து அந்தத் தெரு சிரித்ததே இல்லை. சிரிக்க அவள் இடம் கொடுத்ததும் இல்லை. இப்போது கண் தெரியாத நேரத்தில், கட்டினவனை நம்பினதற்காகச் சிரிக்கப் போகிறது. இரண்டு குடுவை சாக்கேயும் அவர் வயிற்றில் ஒன்றையொன்று பார்த்துத் தலை குனிந்தன.

ஒப்புக்கொண்டு விடுவதுதான் ஒரே வழி. எழுந்தார். அடுக்களைக்குப் போனார்.

"தொமியே. ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க" என்றாள். திரும்பினாள். கையில் கரண்டி இருந்தது.

கென்சாக்கு கரண்டியைப் பார்த்தார்.

"சூப் நல்லா இருந்துச்சு."

"அது நேத்து. இன்னைக்கு இன்னும் வைக்கவே இல்ல."

"நேத்தைக்குச் சொன்னேன்."

ஒப்புக்கொள்ள முடியாத மனிதனுக்கு ஒரே கதி, திருத்தம். அன்று சாயங்காலம் கென்சாக்கு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு திருத்தம் வந்திருக்கு" என்றார்.

"எங்கேருந்து?"

"பின்னால ஒட்டியிருந்தாங்க. நான்தான் கவனிக்கல. 'முன்பக்கத்தில் மூன்று கிண்ணம் என்று அச்சானதை ஒரு கிண்ணம் என்று திருத்தி வாசிக்கவும்.'"

தொமியேயின் முகம் வாடிவிட்டது. "அடடா. ஆசையாக் குடிச்சீங்களே."

"என்ன பண்றது? அரசாங்கம்."

"ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா? நர்சம்மாகிட்ட நான் வேணா..."

"வேண்டாம்" என்றார் கென்சாக்கு வேகமாக. "சட்டம்னா சட்டம். நாமளே மதிக்கலேன்னா யார் மதிப்பாங்க?"

தாம் கட்டின வீட்டைத் தாமே பிரிக்கத் தொடங்கினார். மறுநாள் சால்மன் மீன் போயிற்று. மறுநாள் ஊறுகாய் ஒரு துண்டாகச் சுருங்கியது. கரடி அடிக்குறிப்போடு மறைந்தது. ஒவ்வொன்று போகும்போதும் தொமியே அவருக்காக வாதாடினாள். அதுதான் கொடுமை.

"சாக்கேயில கைவைக்க மாட்டாங்க" என்றாள். "நல்லாப் பாருங்க. ஒண்ணரைன்னாவது போட்டிருக்கும்."

"ஒண்ணுதான் போட்டிருக்கு. சின்னக் குடுவை."

"எவ்வளவு சின்னது?"

"சின்னதுன்னா சின்னது."

"கல்நெஞ்சக்காரங்க" என்றாள் தொமியே. பெரிய குடுவையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பிறகு அவளே ஒன்றொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள். "ஏங்க, நடக்கறதைப் பத்தி ஒண்ணுமே இல்லையா?" கென்சாக்குவுக்குத் தெரியாது. பொய் சொல்லிச் சொல்லி அவருக்குப் பொய்யில் பயம் வந்துவிட்டது. நர்சம்மா முன்னால் தொமியே தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. எனவே முதல் தடவையாக அறிக்கையை நிஜமாகவே படித்தார். இருந்தது. பனிக்காலத்திலும் நடக்க வேண்டும். மறுநாள் காலை ஸ்டேஷன் வரை நடந்தார்.

"உருளைக்கிழங்கு, கீரை பத்தி?" படித்தார். இருந்தது.

"சாப்பிட்ட தட்டை ஆம்பிளைங்க கழுவறதைப் பத்தி?" படித்தார். கிடைக்கவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டோமோ என்று சந்தேகம். எது தாம் சொன்னது, எது அரசாங்கம் சொன்னது என்கிற கணக்குத்தான் எப்போதோ தப்பிவிட்டதே. "இருந்தாலும் இருக்கும்" என்றார்.

"இருக்கும்ங்க. எனக்கே எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு" என்றாள் தொமியே. பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினாள்.

இப்படிப் படிக்கையில்தான் ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தது. இவ்வளவு நாளும் அவர் தாவிப் போன பக்கம். சூடான அறையிலிருந்து எழுந்து போய், குளிர்ந்த இடத்தில் துணியைக் கழற்றி, கொதிக்கும் தொட்டிக்குள் இறங்குகிற வயதானவர்களைப் பற்றிய பக்கம். ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் துணி மாற்றும் இடத்திலேயே விழுந்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தது.

கென்சாக்கு இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கவில்லை. அவருடைய அண்ணன் போனது அப்படித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு பிப்ரவரியில். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் கொல்லவில்லை. குளிர்தான்.

"என்னங்க, நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. எழுத்து சின்னதா இருக்கு."

மறுநாள் ஸ்டேஷன் வரை நடந்துபோய் ஒரு சின்ன மின்சாரக் கணப்பு வாங்கிவந்தார். துணி மாற்றும் இடத்தில் அதை வைத்து, தண்ணீர் தெறிக்காத தூரமா என்று முழங்காலில் உட்கார்ந்து பார்த்து, கம்பி காலில் தடுக்காமல் சுவரோரமாக ஒட்டினார். இதற்குத் திருத்தம் எதுவும் வரவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. தொமியே வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவள் பிணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தெரு மண்டபத்தின் வாசலில் இதுவரை இல்லாத அளவுக்கு ஆண்களின் ரப்பர் பூட்ஸ். சுகவாரா முன்வரிசையில், நர்சம்மாவுக்கு நேர் எதிரில். அவருடைய மனைவி கையைக் கட்டிக்கொண்டு அடுத்த நாற்காலியில். வழக்கப்படி எல்லோருக்கும் நர்சம்மா கையில் பட்டை சுற்றி ரத்தக் கொதிப்புப் பார்த்தாள். கென்சாக்குவுக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

"கருவி சரியில்லையா?" என்றார் கென்சாக்கு.

"கருவி சரியாத்தான் இருக்கு. போன வருஷத்தைவிட நல்லா இறங்கியிருக்கு. அதான் நம்ப முடியாம இன்னொரு தடவை பாத்தேன்."

தொமியே மேடைக்குப் போனாள். கறுப்புக் கண்ணாடி. வணங்கினாள். கென்சாக்கு தாம் படித்துக்கொடுத்த திருத்தங்களை எல்லாம் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. காப்பாற்றியாயிற்று.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள் தொமியே. "எனக்குக் கண்ணு இன்னும் சரியாகல. அறிக்கையை ஒரு பக்கம் விடாமப் படிச்சது எங்க வீட்டுக்காரர்தான். நான் ஏன் அரைகுறையாச் சொல்லணும்? அவரே வந்து சொல்லுவாரு."

கைதட்டினார்கள். அதிகமாகத் தட்டியது சுகவாரா.

கென்சாக்கு எழுந்து நின்றார். எப்படியோ மேடைக்குப் போய்ச் சேர்ந்தார். எதிரே அத்தனை பூட்ஸ்காரர்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நல்ல செய்திக்குக் காத்திருக்கும் முகத்தோடு.

"முதல்ல" என்றார் கென்சாக்கு, "சாக்கே."

"அப்படிப் போடுங்க" என்றார் சுகவாரா.

"ஒண்ணு. சின்னக் குடுவை."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. பனிச்சரிவு மாதிரிச் சத்தம்.

"ரெண்டுன்னு சொன்னாங்களே?"

"அது பழசு."

"கரடி?"

"கரடிக்கு அரசாங்கம் பொறுப்பில்லை."

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. ஆண்கள் சிலர் பூட்ஸ் இருக்கும் திசையைப் பார்த்தார்கள். கென்சாக்கு அந்தப் பார்வையைக் கவனித்தார். இந்த ஆட்களை எப்படி உட்கார வைப்பது? அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிதான்.

"குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது" என்றார்.

மண்டபம் அடங்கியது.

அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. நாவலையும் சொல்லவில்லை, அறிக்கையையும் ஒப்பிக்கவில்லை. அண்ணனைப் பற்றிச் சொன்னார். கொன்றவன் எந்த வழியாக வீட்டுக்குள் வந்தான், எந்தக் கிண்ணத்தில் ஒளிந்திருந்தான், எந்த வருஷத்திலிருந்து வந்துகொண்டிருந்தான் என்று தடயம் தடயமாகச் சொன்னார். நூடுல்ஸ் கிண்ணத்தின் அடியில் மிஞ்சும் சாற்றைக் குடிக்காமல் வைக்கச் சொன்னார். கணப்பு எந்த மூலையில் வைக்க வேண்டும் என்று கையால் காட்டினார். யாரும் பூட்ஸைப் பார்க்கவில்லை. முடிந்ததும் சுகவாரா எழுந்து, "அந்தக் கணப்பு எங்கே கிடைக்குது?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் கலைந்து தேநீர் கொடுக்கும்போது நர்சம்மா நாருமி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு, கென்சாக்கு சான். தொமியே சான், அப்போ அந்தக் கேசட்டைத் திருப்பித் தர்றீங்களா? அடுத்த தெருவுல ஒரு பெரியவர் கேக்கறாரு."

"எந்தக் கேசட்?" என்றார் கென்சாக்கு.

"கண்ணு தெரியாதவங்களுக்குன்னு தன்னார்வலருங்க அறிக்கை முழுசையும் படிச்சுப் பதிவு பண்ணித் தருவாங்களே, அது. தொமியே சானுக்கு ஆபரேஷன் முடிஞ்ச வாரமே கொண்டுவந்து கொடுத்தேனே."

கென்சாக்கு தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நர்சம்மா கேசட்டை வாங்கிக்கொண்டு பைக்குள் வைக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு தொமியேவிடம் மெல்லக் கேட்டார்.

"எப்போ கேட்டே அதை?"

"நீங்க பனி தள்ளப் போற நேரமெல்லாம்."

"அப்போ மூணு கிண்ணம்னு படிச்சப்போ?"

"அதுக்கு முன்னாலேயே."

"தெரிஞ்சும் ஏன் கொடுத்தே?"

"மூணு கிண்ணத்துக்கும் சேத்து ஒரு கிண்ணத்து மீசோதான் போட்டேன். மீனை முதல் நாளே தண்ணியில ஊற வச்சு உப்பெடுத்தேன்."

"சாக்கே?"

"முக்கால்வாசி வெந்நீர்."

"நல்லா இருந்துச்சே அது."

"அரசாங்கம் சொன்னா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்."

"சுகவாரா வீட்டம்மாகிட்ட எதுக்குச் சொன்னே?"

"சொல்லாட்டி நீங்க அந்தப் புத்தகத்தை ஒழுங்காத் திறந்திருப்பீங்களா?" என்றாள் தொமியே. அவர் கிண்ணத்தில் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். "கணப்பை மட்டும் நான் சொல்லல. அது நீங்களாத்தான் வாங்கினீங்க."

கென்சாக்கு தேநீரை ஒரு வாய் குடித்தார். தோற்றதுதான். ஆனால் அந்தக் கடைசி வார்த்தையில் தமக்கென்று ஒரு சின்ன இடம் மிஞ்சியிருப்பது தெரிந்தது. முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து நர்சம்மா திரும்பி வந்தாள்.

"சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அடுத்த வருஷ அறிக்கையைக் கேசட்டுல படிக்க ஒரு குரல் தேடிட்டிருந்தோம். தொமியே சான் உங்க பேரைக் கொடுத்தாங்க. இன்னைக்குக் கேட்டதுக்கப்புறம் எங்களுக்குச் சந்தேகமே இல்ல."

"என் குரலா?" கென்சாக்குவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "அவளா சொன்னா?"

"அருமையான குரல்னு சொன்னாங்க" என்றாள் நர்சம்மா. "ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கிட்டாங்க. நீங்க படிக்கும்போது, கண்ணு நல்லாத் தெரியற ஆள் ஒருத்தர் பக்கத்துலயே உட்கார்ந்து, அதே பக்கத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்."